வியாழக்கிழமைகளில் வருகிற அம்மா

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று பிள்ளைகள். வளர்த்தது, அந்த மூன்றையும் சேர்த்துப் பதினொன்று. என்னைப் பற்றிச் சிலர் "பிள்ளை பாத்தவ" என்று சொல்லுவார்கள். நான் திருத்துவேன். கடையைப் பார்க்கலாம், அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கலாம். பிள்ளையை வளர்க்கத்தான் வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் கையெழுத்து எனக்கே விளங்காது. ஆகையால் நான் சொல்லச் சொல்ல மகளின் மகள் எழுதுகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. புத்தகத்தில் எழுதுகிற மாதிரி எழுது, ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடு என்று சொல்லியிருக்கிறேன்.

தெற்கு இத்தாலியில், பலெர்மோவில் நான் சீசாப் பக்கம், நான்காம் மாடியில், இரண்டு அறை வீட்டில் இருந்தேன். என் மனுசன் தவறிவிட்டார். மூத்தவர்கள் இரண்டு பேரும் வேலை தேடி வட இத்தாலிக்குப் போய்விட்டார்கள். கடைசி மகள் கலியாணம் முடித்துப் போர்கோ வெக்கியோவில், சந்தைக்கு மேலே குடியிருந்தாள். ஆனால் நான் தனியாக இருந்தேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. வீடு நிறையப் பிள்ளைகள். எல்லாம் மற்றவர்களின் பிள்ளைகள்.

எங்கள் பெண்கள் எல்லாரும் சிஞ்ஞோராக்களின் வீடுகளில் வேலை செய்கிறவர்கள். சிஞ்ஞோரா என்றால் வீட்டுக்கார அம்மா. சிலர் காலையில் போய் மத்தியானம் திரும்புவார்கள். சிலர் அந்த வீட்டிலேயே தங்கி நின்று, வாரத்தில் விட்ட நேரத்துக்கு மட்டும் வெளியே வருவார்கள். அப்படித் தங்கி நிற்கிறவர்கள் பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பது? என்னிடம்தான்.

நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், வந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சிஞ்ஞோராக்களின் வீடுகளில் வேலை இரட்டிப்பாகும். விருந்து, வெள்ளிச் சாமான் மினுக்குகிறது, வந்தவர்களுக்குக் கட்டில் விரிக்கிறது. வேறு வீடுகளின் நத்தாரைச் செய்து கொடுப்பதற்காக எங்கள் பெண்கள் தங்கள் வீட்டு நத்தாரை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். நான் சைவக்காரி. என்றாலும் பலகாரம் சுட்டு, வீட்டைக் கழுவி, பிள்ளைகளுக்குக் குறையில்லாமல்தான் செய்தேன்.

நான் சொல்ல வந்தது, ஊரில் சண்டையால் சனமெல்லாம் இடம்பெயர்ந்து ஓடினதற்கு அடுத்த வருசத்து மார்கழியை. அந்த முறை என்னோடு மூன்று பிள்ளைகள். மன்னார்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பத்தின் அக்காவும் தம்பியும். அக்காவுக்கு எட்டு வயது, வாய் நாற்பது வயது. தம்பி வாய் திறக்கமாட்டான், தின்னத் திறந்தால்தான். மூன்றாவது, நாலு வயதுப் பெண்பிள்ளை. அவளைப் பற்றித்தான் இந்தக் கதை.

அவளைத் துடக்குக் கழிந்த கையோடு, முப்பத்திரண்டாம் நாள், துணியில் சுற்றி என் மடியில் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் பல்லுக்குக் கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டியது நான். முதல் அடி எடுத்து வைத்தது என் குசினியில். என் மகள் என்னை அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அம்மா என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, மறிக்கவும் இல்லை.

அவளைப் பெற்றவள் பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டில் தங்கி நின்றாள். கட்டிலோடு கிடந்த கிழவியைப் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டார்கள். வியாழக்கிழமை பின்னேரம் மட்டும் ஓடிவருவாள், கையில் ஏதாவது இனிப்போடு. இருட்டுகிற நேரம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு திரும்ப ஓடுவாள். இத்தாலியனில் வியாழக்கிழமைக்கு ஜோவெதி. பிள்ளை தாய்க்கு வைத்த பெயர் "ஜோவெதி அம்மா". மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், பெற்றவள். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

தகப்பன் பிள்ளைக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே லண்டனுக்குப் போனவன். அந்த மார்கழியில் பேப்பர் எல்லாம் சரிவந்து, இரண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டான். புது வருசம் பிறந்து, பிள்ளைகளுக்கு இனிப்புக் கொண்டுவருகிற பெஃபானாக் கிழவியின் திருநாள் முடிந்ததும் பயணம். கிழவி சிஞ்ஞோராவை நத்தாருக்கு மிலானோவுக்கு மகன் கூட்டிப்போனதால், அவளுக்கு வேலையிலிருந்தும் விடுதலை கிடைத்தது. பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள்.

பயணத்துக்கு முன்னம் பிள்ளை தாயோடு ஒட்ட வேண்டும். பேச்சுத் தெரியாத ஊருக்கு, முகம் தெரியாத தகப்பனிடம், வியாழக்கிழமை மட்டும் கண்ட ஒருத்தியோடு அந்தக் குழந்தை எப்படிப் போகும்? அந்த நத்தார் முழுக்க எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த வேலை அது ஒன்றுதான்.

அவள் வந்திறங்கியது சனிக்கிழமை. பிள்ளை கதவடியில் நின்று பார்த்தாள்.

"இண்டைக்கு ஜோவெதி இல்லையே?"

"இல்லையடா செல்லம். இண்டைக்கு சாபத்தோ. சனிக்கிழமை."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"உன்னோடை நிக்க வந்தனான்."

பிள்ளை கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். இருட்டுகிற நேரம் வந்ததும், தாயின் சப்பாத்து இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து, வாசலைப் பார்த்தபடி சோடியாக வைத்தாள். நல்ல மரியாதையாகத்தான் வைத்தாள். வழக்கமாக அந்த நேரம் போகிறவள் தானே. தாய் முதலில் சிரித்தாள். பிறகு அந்தச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த வருசம் குளிர் கடுமை. பலெர்மோ வீடுகள் வெயிலுக்குக் கட்டினவை. குளிர் வந்தால் சுவரே நனைந்த துணி மாதிரி இருக்கும். காஸ் அடுப்பு ஒன்றை அறை நடுவில் கொளுத்தி வைத்து, அதைச் சுற்றிப் பாயை விரித்து, எல்லாரும் அதற்குள்தான். தோடம்பழத் தோலை அடுப்பு மேலே போட்டுவிட்டால் வீடு மணக்கும். வேலை செய்கிற வீடுகளிலிருந்து எங்கள் பெண்களுக்கு நத்தாருக்குக் கிடைப்பது பனெத்தோனே, முந்திரிகை வத்தல் போட்ட உயரமான பாண். பிள்ளை விட்ட தாய்மார் எல்லாரும் அதை என்னிடம் கொண்டுவந்து தருவார்கள். அலுமாரிக்கு மேலே பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிடக்கும். துண்டு துண்டாக வெட்டி, நெய் பூசித் தோசைக்கல்லில் வாட்டிக் கொடுப்பேன். தம்பிக்காரன் அதைச் சம்பலோடு தின்பான்.

பிள்ளைகள் தோம்போலா விளையாடுவார்கள். பையில் இருந்து இலக்கம் எடுத்துச் சொல்ல, மட்டையில் அந்த இலக்கத்தை மூட வேண்டும். மூடுவதற்கு நான் அவித்த கடலை கொடுத்தேன். சின்னவள் மூடின கடலையைத் தின்றுவிடுவாள். எப்பவும் தோற்பாள். "நான் வெல்லேல்லை, ஆனா வயிறு நிறைஞ்சிட்டுது" என்பாள்.

வேதக்காரப் பிள்ளைகள் சப்பாத்துப் பெட்டியில் பாலன் குடில் செய்தார்கள். என் கோதுமை மாவை அள்ளி அதன் கூரையில் தூவினாள் எட்டு வயதுக்காரி.

"எடியே, அது ரொட்டிக்கு வைச்ச மா."

"இது பனி, பெரியம்மா. நேவே."

"பாலன் பிறந்த இடத்திலை பனி கொட்டினதோ?"

"கொட்டினது எண்டுதான் எல்லாக் குடிலிலையும் போட்டிருக்கு. நீங்கள் சைவம், உங்களுக்குத் தெரியாது."

சின்னவள் கேட்டாள், "உண்மையான பனி எங்கை?" எங்களுக்கு ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் இருக்கிற ஈரம். கொட்டுகிற பனியை நானும் தொலைக்காட்சியில்தான் கண்டவள். "மலையிலை கிடக்கும், இஞ்சை வராது" என்றேன்.

இதற்குள் பெற்றவள் தன்னால் இயன்றதெல்லாம் செய்து பார்த்தாள். சோறு தீத்தப் போனாள். பிள்ளை வாயை இறுக்கி மூடினாள்.

"ஏனம்மா, ஒரு வாய் வாங்கு."

"உங்கட கை கக்கூசு மணக்குது."

வருசக்கணக்காக வெளுக்கிற மருந்து ஊற்றித் தரை கழுவின கை. தேசிக்காயால் தேய்த்தும் போகவில்லை. நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை எழும்பி, கோப்பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. நான் தீத்தினேன். வேறு என்ன செய்ய, பசியோடு விடுவதா?

படுக்கையும் அப்படித்தான். என் கழுத்துக்குள் முகத்தைப் புதைக்காமல் அவளுக்கு நித்திரை வராது. தாய் பக்கத்தில் படுத்தால் சுவர்ப் பக்கம் உருண்டு போவாள்.

நத்தார் முடிந்து ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. குழந்தைக்குக் கண்ணைவிட மூக்குத்தான் முதல். நான் வீட்டில் போடுகிற பழைய நீளச் சட்டையை, சோட்டியைக் கழற்றி, தாயைப் போடச் சொன்னேன். பழுப்பு நிறம், கழுத்தடியில் கரை நைந்தது. என் தலையில் வைக்கிற நல்லெண்ணெயை அவள் தலையிலும் வைத்தேன். கையில் கொஞ்சம் கறித்தூளும் தேய்த்துவிட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, சாளரப் பலகையை இழுத்து மூடி, அறையை இருட்டாக்கி, அவளைப் படுக்க வைத்துவிட்டு நான் குசினிக்குப் போனேன்.

சரிவந்தது. பிள்ளை அரை நித்திரையில் போய் அந்தக் கழுத்துக்குள் முகத்தை வைத்து, சோட்டியின் கரையைப் பிடித்துக்கொண்டு நன்றாகத் தூங்கிவிட்டாள். நான் கதவு நீக்கலால் பார்த்தேன். தாய் மூச்சுக்கூட விடாமல் கிடந்தாள். கண் இரண்டும் விரியத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு.

பிள்ளை எழும்பினாள். முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். சோட்டிக் கரையை விட்டாள். அழவில்லை. கட்டிலை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்து, மெல்லிய குரலில் சொன்னாள்:

"அம்மா, அவ உங்கட சோட்டியைக் களவெடுத்திட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு உள் அறைக்குக் கேட்டிருக்கும். அவள் சோட்டியைக் கழற்றி மடித்து, கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"காணும் அக்கா. இது சரிவராது."

"இன்னும் நாள் கிடக்கு, பிள்ளை. பொறு."

"நீங்கள் எல்லாம் வடிவாத்தான் செய்தியள். ஒண்டும் குறை சொல்லேலாது. ஆனா எனக்கெண்டு ஒண்டையும் மிச்சம் வைக்கேல்லை."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நீ வைச்சிட்டுப் போனதைத்தானேயடி நான் தூக்கினனான்? றோட்டிலை விட்டிருக்க வேணுமோ?"

"விட்டிருக்க வேணும் எண்டோ சொன்னனான்?"

"பிறகென்ன சொல்லுறாய்?"

அவள் மேசையில் சிந்திக் கிடந்த கடலைத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வேலைக்காரப் பெண்களின் பழக்கம் அது. மனம் உடைந்தாலும் கை துடைக்கும். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. அவள் சொன்னதிலும் சரி இருந்தது, நான் சொன்னதிலும் சரி இருந்தது. நான் அந்த வீட்டுக்குள் நிற்கும் வரைக்கும் பிள்ளை அவளிடம் போகாது. எந்தச் சோட்டியாலும் போகாது.

அடுத்த நாள் காலை எழும்பி, இரண்டு சேலையையும் மருந்தையும் பையில் வைத்தேன். பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"நான் வேலைக்குப் போறன். சிஞ்ஞோரா வீட்டை நிக்கப் போறன்."

"நீங்களோ? உங்களுக்கு வேலை தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப வருவியள்?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "ஜோவெதி."

பிள்ளை யோசித்தாள். ஜோவெதி என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போகிறவர்கள் அந்த நாளுக்குத் திரும்பி வருவார்கள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"அப்ப ஆர் எனக்குத் தலை இழுக்கிறது?"

"உவதான் வீட்டிலை நிக்கிறா. உவ இழுப்பா."

பெற்றவள் குசினி வாசலுக்கு ஓடிவந்தாள். "அக்கா, விசர் வேலை பாக்காதையுங்கோ. மூண்டு பேரையும் தனிய என்னாலை ஏலாது. அவள் என்ன சாப்பிடுவாள், எப்பிடிப் படுப்பாள், எனக்கு ஒண்டும் தெரியாது. சொல்லிப்போட்டாவது போங்கோ."

"அவளைக் கேள்" என்றேன்.

வேண்டுமென்றுதான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. முட்டையின் மஞ்சள் கருவைத் தனியாக எடுத்துக் கடைசியில் தின்பாள், காதைத் தடவினால் நித்திரை வரும், இடி இடித்தால் மேசைக்குக் கீழே போவாள். எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லியிருந்தால் அதெல்லாம் என்னுடையதாகவே இருந்திருக்கும். பிள்ளையிடம் கேட்டு எடுத்தால்தான் அவளுடையது.

படியில் இறங்கும்போது பிள்ளையின் அழுகை கேட்டது. இரண்டாம் மாடி வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லையா, நான் கேட்கவில்லையா, தெரியாது.

நான் போனது போர்கோ வெக்கியோவுக்கு, மகளின் வீட்டுக்கு. அவளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, பகல் முழுக்க நான் தனி. பிள்ளை இல்லாத வீட்டில் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினேன். கீழே சந்தையில் மீன்காரன் பாடிப் பாடி விற்கிற சத்தம். மகள் வீட்டில் டெலிபோன் இருந்தது, என் வீட்டிலும் இருந்தது. எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை, மீன்காரனின் பாட்டு நடுவில் நின்றது. சந்தை முழுக்க ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு எல்லாரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். பல்கனிக் கதவைத் திறந்தேன். வானத்திலிருந்து வெள்ளையாக இறங்கியது.

அது விழுகிறது என்று சொல்ல முடியாது. அவசரமில்லாமல், இடம் பார்த்துக் குந்துகிற மாதிரி வந்தது. தோடம்பழக் குவியல் மேலே, படங்கு மேலே, மீன்களின் கண்ணுக்கு மேலே. ஏப்ரன் கட்டின பெரிய மனிதர்கள் கார்களின் மேலிருந்து வழித்து எடுத்து ஒருவரையொருவர் எறிந்தார்கள். எதிர்வீட்டுக் கிழவி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அழுதாள். தன் சீவியத்தில் இது இரண்டாம் தரமாம்.

"உண்மையான பனி எங்கை?" என்று கேட்டவளுக்கு இஞ்சை வராது என்று சொன்னவள் நான். அது என் காலடியில் வந்து நிற்கிறது. நான் சப்பாத்தைக் கொழுவினேன். மகளின் கோட்டைப் போட்டேன். கீழே இறங்கி நடந்தேன். இப்போது எழும்பியிருப்பாள், சாளரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பாள், காலுறை போட்டாளா, காதை மூடினார்களா, இந்த நினைப்பிலேயே கால் விரைவாகப் போனது.

பொலிதேயாமா வரைக்கும் போனேன். பஸ் எல்லாம் நின்றுவிட்டன. சனம் வேலைக்குப் போகாமல் சதுக்கத்தில் நின்று படம் எடுத்தது. பேரீச்ச மரங்களின் ஓலையில் பனி. அங்கே நாடக அரங்கின் உச்சியில் நிற்கிற செம்புக் குதிரைகளின் முதுகில் பனி. அங்கேயிருந்து என் வீடு அரை மணித்தியால நடை.

அந்த இடத்தில் நின்றேன். நான் இப்போது போய்க் கதவைத் திறந்தால் பிள்ளை வந்து என் காலைக் கட்டும். நான் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவேன். பிள்ளை என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முதல் பனியைப் பார்க்கும். பெற்றவள் எங்களுக்குப் பின்னால் நிற்பாள், கையில் துவாயோடு.

இத்தனை பிள்ளை வளர்த்ததில் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. மூன்று வயது வரைக்கும் கண்டது பிள்ளையின் மனதில் நிற்காது. கொழுக்கட்டை நிற்காது, என் குசினி நிற்காது, என் கழுத்து நிற்காது. நாலு வயதில் கண்ட பனி நிற்கும். அதற்குள் யார் நிற்கிறார்களோ அவர்களும் நிற்பார்கள்.

எனக்குப் போக வேண்டும் போல இருந்தது. கடவுளே, எவ்வளவு போக வேண்டும் போல இருந்தது. ஒரு இத்தாலியப் பொடியன் எறிந்த பனி என் தோளில் பட்டு உடைந்தது. "ஸ்குசி, சிஞ்ஞோரா" என்றான். தட்டிவிட்டேன். திரும்பி மகளின் வீட்டுக்கு நடந்தேன். மத்தியானத்துக்கு முன்னம் றோட்டில் பனி கரைந்து சேறாகிவிட்டது. பல்கனியில் இருந்து பார்க்க மலை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் சீசாவுக்குப் போனேன். வெறும் கையோடு போகக் கூடாதே என்று வழியில் இனிப்பு வாங்கினேன். வாங்கின பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

எட்டு வயதுக்காரி கதவைத் திறந்தாள். "வந்திட்டா! வேலையாலை வந்திட்டா! சிஞ்ஞோரா நல்லவவோ பெரியம்மா, சாப்பாடு தந்தவவோ?"

"தந்தவ, தந்தவ. ஏனடி வீடு இப்பிடிக் கிடக்கு?"

வீடு தலைகீழாகக் கிடந்தது. காஸ் அடுப்பைச் சுற்றிக் கதிரைகள், கதிரைகளில் ஈரக் காலுறை. அடிப்பிடித்த சோற்றுச் சட்டி தண்ணீரில் ஊறிக் கிடந்தது. நான் போட்டு வைத்த ஒழுங்கு ஒன்றும் இல்லை. சின்னவள் தாயின் மடியில் இருந்தாள். தலை கோணலாக வகிர்ந்து, இரண்டு பின்னல், ஒன்று மேலே ஒன்று கீழே. என்னைக் கண்டதும் எழும்பி ஓடிவந்தாள். ஓடிவந்தவள், ஒரு முழத்துக்கு அங்காலே நின்றாள்.

"பெரியம்மா" என்றாள்.

மற்றப் பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி. அவர்களோடு சேர்ந்து நாள் முழுக்க விளையாடினதில் வந்திருக்கும். தாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பயந்த பார்வை. நான் ஒன்றும் மறிக்கவில்லை. அம்மா என்று தொடங்கினபோதும் மறிக்காதவள்தானே நான்.

"ஓம் செல்லம், சொல்லு."

"பனி வந்தது. நாங்கள் மேலை போனனாங்கள். அம்மா என்னைத் தூக்கினவ. அம்மா வழுக்கி விழுந்திட்டா. தொம் எண்டு! நானும் விழுந்திட்டன். தண்ணித் தாங்கிக்கு மேலை முழுக்கப் பனி. தம்பி அதைத் திண்டவன்."

"சம்பல் இல்லாமலோ?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பெற்றவளும் சிரித்தாள். பிறகு சின்னவள் குளிர்பெட்டியைத் திறந்து, நான் கறி போட்டு வைக்கிற ஐஸ்கிறீம் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே கல்லு மாதிரி இறுகின பனி, நடுவில் ஏதோ கரித் தூசி.

"நீங்கள் காணேல்லை எண்டு அம்மா எடுத்து வைச்சவ."

விரலை வைத்துப் பார்த்தேன். சுட்டது. "வடிவா இருக்கு" என்றேன்.

தேத்தண்ணீர் குடித்தேன். வந்த விருந்தாளி மாதிரி, என் வீட்டில் எதை எடுக்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிள்ளையின் கோணல் வகிட்டைச் சரியாக்கக் கை துடித்தது. கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன். அவளுக்கு முட்டை எப்படிக் கொடுக்கிறாய் என்று கேட்டேன். "மஞ்சளைத் தனிய எடுத்துக் கடைசியிலை குடுக்க வேணுமாம், அக்கா. தானே சொல்லித் தந்தவள்" என்றாள் பெற்றவள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் அப்போதுதான் அதைக் கேள்விப்படுகிறவள் மாதிரி, "ஆ, அப்பிடியோ" என்றேன்.

இருட்டினதும் எழும்பினேன். பிள்ளை வாசல் வரைக்கும் வந்து கை காட்டினாள். அழவில்லை. நான் படியில் திரும்பிப் பார்த்தபோது கதவு மூடியிருந்தது, உள்ளே தோம்போலா இலக்கம் சொல்லுகிற சத்தம்.

பயணம் போன காலை, விமான நிலையத்துக்குப் போகிற பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். பிள்ளை தாயின் தோளில் நித்திரை, முகம் கழுத்துக்குள். பெட்டியை ஏற்றிவிட்டு, பிள்ளையையும் சுமந்துகொண்டு, அவள் என் காலில் விழப் பார்த்தாள்.

"எழும்படி, சனம் பாக்குது. பிள்ளை முழிச்சிடும்."

"அக்கா..."

"காது மூடிப் போ. அங்கை இதைவிடக் குளிராம்."

பஸ் போனது. பிள்ளையை எழுப்பி ஒரு முறை காட்டியிருக்கலாம் என்று அவள் நினைத்திருப்பாள். வேண்டாம் என்று நான்தான் கண்ணால் சொன்னேன். அதற்குப் பிறகும் நான் பிள்ளை வளர்த்தேன். ஆனால் ஒருவரையும் என்னை அம்மா என்று கூப்பிட விடவில்லை. தொடங்கின அன்றைக்கே திருத்தினேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோன் வரும். பிறகு வருசப் பிறப்புக்கு வரும். பிறகு வரவில்லை. போன மாதம், எத்தனையோ வருசத்துக்குப் பிறகு, பெற்றவள் எடுத்தாள். குரல் தடித்துவிட்டது. மகளுக்குக் கலியாணம் முடிந்து பிள்ளையும் இருக்கிறதாம். "அவள் தன்ர பிள்ளைக்குக் கதை சொல்லுறவள், அக்கா. தனக்கு நினைவு தெரிஞ்ச முதல் நாள், நான் அவளைத் தூக்கிக்கொண்டு பனிக்குள்ளை விழுந்ததாம். அதுக்கு முன்னம் ஒண்டும் தெரியாதாம்."  பிறகு கேட்டாள்: "உங்களைப் பற்றி அவளுக்கு நான் இன்னும் சொல்லேல்லை. சொல்லட்டோ, அக்கா?"

"வேண்டாம்" என்றேன். "அவள் சொல்லுற மாதிரியே இருக்கட்டும்."

டெலிபோனை வைத்த பிறகு நெடுநேரம் இருந்தேன். பேர்த்தி வந்து என்ன அம்மம்மா என்று கேட்டாள். ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு வா என்றேன். அங்கே சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கேயாவது ஒரு இடத்தில் சொல்லத்தானே வேண்டும்.

இப்போது அவள் பேனையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். ஆட்களின் பெயரைப் போடட்டோ என்று கேட்கிறாள். வேண்டாம் பிள்ளை. அழாதே. எழுதினதை எடு. முதலில் இருந்து, உரத்து, ஆறுதலாக வாசி. நான் கேட்கிறேன்.